நட்சத்திரம் காட்டும் கம்ப்யூட்டர்

பழைய ஃபாக்ஸ்புரோ, டிபேஸ், ஆக்சஸ், வின் ஐசிஸ் என்று வைத்துக்கொண்டு திரையோடு மல்லுக்கட்டும் வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கே: 1995-லிருந்து ஃபாக்ஸ்புரோவில்தான் பில் போடுகிறோம். கொஞ்ச நாளாக மொத்தத் தொகை வர வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரம் வருகிறது. வைரஸா?
– அரிசி மண்டிக்காரர், ஆரணி

ப: வைரஸ் இல்லை, வளர்ச்சி! புரோகிராம் எழுதியவர் மொத்தத் தொகைக்கு 'பிக்சர் 99999.99' என்று இடம் ஒதுக்கியிருப்பார். புள்ளிக்கு முன்னால் 5 இலக்கம். 99,999 ரூபாய் வரை சமர்த்தாக இருக்கும், லட்சத்தைத் தொட்டதும் இடம் போதாது. பாதித் தொகையைக் காட்டி ஏமாற்றுவதற்குப் பதில் நட்சத்திரம் போட்டுக் கையை விரிப்பது ஃபாக்ஸ்புரோவின் நேர்மை.

புரோகிராமைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. டேபிளை நேராகத் திறந்து 'பிரவுஸ்' கொடுங்கள். அங்கே தொகை முழுசாக இருந்தால் கோளாறு திரையில்தான், சரக்கு பத்திரம். அங்கேயும் நட்சத்திரம் என்றால் தொகை பதிவாகவே இல்லை. பில் நகலைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். இந்தப் பகுதியில் வரும் கடிதங்களில் பாதிக்கு இதுதான் முதல் கேள்வி: கெட்டது கண்ணாடியா, முகமா?

கண்ணாடிதான் என்றால் அந்த வரியை '99,99,999.99' என்று மாற்றச் சொல்லுங்கள். காற்புள்ளியை நாம் எங்கே வைக்கிறோமோ அங்கேயே காட்டும், லட்சக் கணக்கிலேயே படிக்கலாம். திரைக்கு ஒரு வரி, அச்சுக்கு ஒரு வரி என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் திரையில் தொகையும் பில்லில் நட்சத்திரமும் வரும். டேபிளில் அகலம் கூட்டுவதாக இருந்தால் நினைவிருக்கட்டும்: அகலம் 8 என்றால் புள்ளியும் அந்த எட்டில் ஒன்று.

எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், மூல புரோகிராம் இல்லை என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஃபாக்ஸ்புரோ கோப்பிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க 'ரீஃபாக்ஸ்' என்று ஒரு கருவி உண்டு. உங்கள் புரோகிராம் உங்களுக்கே சொந்தமாக இருக்கும் பட்சத்தில் பயன்படுத்துங்கள்.

கே: டிபேஸ் 2, 3, 4 எல்லாம் பார்த்திருக்கிறேன். டிபேஸ் 1 எங்கே?
– ஓய்வுபெற்ற கணக்காளர், மதுரை

ப: பிறக்கவே இல்லை. வெய்ன் ராட்லிஃப் எழுதியபோது அதன் பெயர் 'வல்கன்'. விற்க எடுத்துக்கொண்ட கம்பெனி, முதல் பதிப்பு என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நேராக 2 போட்டுவிட்டது. அந்தக் கம்பெனியின் பெயர் ஆஷ்டன்-டேட். டேட் என்று ஒருவர் இருந்தார், ஆஷ்டன் என்று பங்குதாரர் யாரும் கிடையாது.

கே: எங்கள் சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் எடுத்தால் 212 பேர் வருகிறது. 'ரெக்கவுண்ட்' கேட்டால் 240 என்கிறது. 28 பேர் எங்கே போனார்கள்?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், தேனி மாவட்டம்

ப: எங்கும் போகவில்லை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறார்கள். டிபிஎஃப் கோப்பில் ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் ஒரு காலி இடம். 'டெலிட்' கொடுத்தால் பதிவு அழிவதில்லை, அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் விழுகிறது, அவ்வளவுதான். 'செட் டெலீட்டட் ஆன்' என்றிருந்தால் நட்சத்திரம் விழுந்தவர்கள் பட்டியலில் தெரியமாட்டார்கள். 'ரெக்கவுண்ட்' அந்த தாட்சண்யம் பார்ப்பதில்லை, முக்காடு போட்டவரையும் சேர்த்தே எண்ணும்.

'செட் டெலீட்டட் ஆஃப்' கொடுத்துவிட்டு 'பிரவுஸ்' பாருங்கள். 28 பேரும் வந்து நிற்பார்கள். தெரியாமல் அழிக்கப்பட்டவர்களை மட்டும் ஒவ்வொருவராக 'ரீகால்' செய்யுங்கள். 'ரீகால் ஆல்' என்று மொத்தமாக அழைத்தால், காலமானவர்களும் கணக்கை முடித்துக்கொண்டு போனவர்களும் சேர்ந்து எழுந்து வந்து பொதுக்குழுவில் உட்கார்ந்துகொள்வார்கள்.

'பேக்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது முக்காடு போட்டவர்களை நிஜமாகவே வெளியேற்றிவிடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கடையில் கோப்பைச் 'சுத்தம்' செய்து தருகிறேன் என்று நகல் எடுக்காமல் 'பேக்' அடித்தேன். முதலாளியின் மருமகன் வசூலாகாத பாக்கிகளை அழித்துவைத்து, மார்ச் முடிந்ததும் திரும்ப எழுப்பலாம் என்று இருந்திருக்கிறார். அந்த வருஷம் எனக்குத் தீபாவளி இனாம் கிடைக்கவில்லை.

உங்கள் கோப்பில் முக்காடு எதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் இண்டெக்ஸ். பெயரைத் தேடினால் 'இல்லை' என்கிறது, வரிசை எதுவும் போடாமல் உருட்டிப் பார்த்தால் ஆள் இருக்கிறார் என்றால் இண்டெக்ஸ்தான் பழுது. 'ரீஇண்டெக்ஸ்' பழைய தலைப்பை நம்பியே வேலை செய்யும். தலைப்பே கெட்டிருந்தால் பலனில்லை. இண்டெக்ஸ் கோப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகவே கட்டுங்கள்.

கே: ஐயா, எமது பாடசாலையின் சேர்வு இடாப்பு பாமினி எழுத்துருவில் பதியப்பட்டது. புதுக் கணினியில் திறந்தால் பெயர்கள் யாவும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கின்றன. முழுவதையும் திரும்பத் தட்டச்சிட வேண்டுமா?
– பாடசாலை எழுதுவினைஞர், வவுனியா

ப: ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். அங்கே எதுவும் கெடவில்லை. பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. நீங்கள் 'அம்மா' என்று பார்த்த நாளிலும் கோப்புக்குள் இருந்தது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்துதான். புதுக் கணினியில் பாமினி இல்லை, ஆகவே வேஷம் கலைந்து நிற்கிறது. எழுத்துருக் கோப்பை நிறுவி, படிவத்தில் அந்தப் பெட்டிக்குப் பாமினியைக் கொடுத்தால் அம்மா திரும்பி வந்துவிடுவார்.

மற்ற ஊர்க்காரர்களும் இதே கேள்வியை வேறு வேறு அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். திரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் தெரிந்தால் பாமினி வகையறா. எண்ணும் ஆங்கிலமும் ஒழுங்காக இருந்து, தமிழ் மட்டும் தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டேப். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டேப் என்ற இரண்டு தரங்களை ஏற்றது. டேப்பில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல்மாடியில் குடியிருக்கும். இவை எல்லாமே எழுத்துருவோ மாற்றியோ கிடைத்தால் மீளும்.

மீளாத அடையாளம் ஒன்றே ஒன்று: கேள்விக்குறி. வரிசையாகக் கேள்விக்குறி நின்றால் யாரோ யூனிகோடு தமிழைக் கொண்டுவந்து ஒட்டிச் சேமித்திருக்கிறார்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் பெட்டிகளுக்கு யூனிகோடு தெரியாது. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போடும். சேமித்த நொடியில் கோப்பிலும் அதுவே. எந்த எழுத்துருவும் அதைத் திருப்பித் தராது.

சரி, யூனிகோடுக்கே மாறிவிடலாமா? மாறத்தான் வேண்டும், தமிழ்நாடு அரசே 2010-இல் அதற்கு மாறிவிட்டது. ஆனால் பழைய டிபிஎஃப்-க்குள்ளேயே மாற்றித் திணிக்காதீர்கள். பாமினியில் 'அம்மா' 5 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 15. பெயருக்கு 25 இடம் விட்ட பழைய டேபிளில் நீளமான பெயர்கள் கழுத்தோடு வெட்டுப்படும். நகலை ஒரு விரிதாளுக்கு எடுத்து, அங்கே மாற்றி, புதிய இடத்தில் ஏற்றுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் டிபிஎஃப்-ஐ நேராகவே திறக்கும், எந்தக் குறியீடு என்று கேட்கவும் செய்யும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள், எழுதவில்லை. உங்கள் இடாப்பு என்றைக்குமே சரியான அகர வரிசையில் வந்திருக்காது. பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்கிறோம். கணினியும் கொம்பைத்தான் முதல் எழுத்தென்று எண்ணும். செல்வியும் தெய்வானையும் மெய்யம்மையும் ஒரே கொம்பின் கீழ் கூடி நிற்பார்கள். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். அதனால் அவரவர் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

கே: பில்லில் கோடு போட்டிருந்த இடமெல்லாம் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஏ' வரிசையாக வருகிறது. யார் இந்த ஏ?
– பனியன் வியாபாரி, திருப்பூர்

ப: ஜெர்மானியர். 196 என்ற எண்ணுக்கு டாஸின் 437-ஆம் எழுத்துப் பட்டியலில் படுக்கைக் கோடு, விண்டோஸின் 1252-ஆம் பட்டியலில் ஜெர்மன்காரர்களின் இரட்டைப் புள்ளி ஏ. உங்கள் புரோகிராம் 196 என்றுதான் அன்றும் அனுப்பியது, இன்றும் அனுப்புகிறது. படிக்கிறவர்தான் மாறிவிட்டார். நிற்கும் கோட்டுக்கு 179. அது விண்டோஸில் தோளில் ஏறிய சின்ன 3 ஆகிவிடும். பில்லில் அதுவும் இருக்கிறதா பாருங்கள்.

விண்டோஸில் பார்ப்பதற்கு 'டெர்மினல்' எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், கோடு கோடாகும். திரையில் சரியாகி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மட்டும் சாய்ந்த 'டி' வரிசையாக வந்தால், பிரிண்டர் 'இட்டாலிக்' பட்டியலில் நிற்கிறது என்று அர்த்தம். எப்சன் வழிப் பிரிண்டர்களில் இந்த வசதி உண்டு, 196-இல் 128-ஐக் கழித்து 68-ஆவது எழுத்தைச் சாய்த்து அடிக்கும். 68 என்பது டி. பிரிண்டர் அமைப்பில் 'பிசி 437' என்று மாற்றுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஹெட் மாற்றினால் புது ஹெட்டும் அதே டி-யைத்தான் அடிக்கும்.

கே: அடகுத் தேதி 10/05/25 என்று திரையில் சரியாகவே இருக்கிறது. வரிசைப்படுத்தினால் 1998 சீட்டுகளுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. வட்டிக் கணக்கும் தாறுமாறு. திரை சரி, பிறகு என்ன?
– அடகுக் கடைக்காரர், நாகர்கோவில்

ப: இந்த முறை வந்த கடிதங்களிலேயே ஆபத்தானது உங்களுடையதுதான். மற்றவர்களுக்கு முகம் நன்றாக இருக்கிறது, கண்ணாடி கோணல். உங்களுக்குக் கண்ணாடி நன்றாக இருக்கிறது, முகம் கோணல்.

டிபிஎஃப்-இல் தேதி எட்டு இலக்கமாகப் பதிகிறது: ஆண்டு, மாதம், நாள். ஃபாக்ஸ்புரோ 2.6-இல் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் அடித்தால் முன்னால் 19 போட்டுக்கொள்ளும். உங்கள் கோப்பில் 19250510 என்று இருக்கிறது. திரை கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டுவதால் 1925-ம் 2025-ம் இரட்டைப் பிள்ளைகள். உங்கள் கணக்குப்படி அந்தச் சங்கிலி வெள்ளைக்காரன் காலத்தில் அடகுக்கு வந்திருக்கிறது.

முதலில் 'செட் செஞ்சுரி ஆன்' கொடுங்கள். நாலு இலக்கமும் தெரியும், எத்தனை சீட்டு இப்படி என்று எண்ணிவிடலாம். பிறகு கோப்பை நகல் எடுத்துவிட்டு, 'கோமந்த்' என்ற செயல்கூறைக் கொண்டு, ஆண்டு 1950-க்குக் கீழே இருக்கும் அடகுத் தேதிகளுக்கு மட்டும் 1200 மாதம் கூட்டுங்கள். நூறு வருஷம் நகரும். நிபந்தனை போடாமல் எல்லாவற்றுக்கும் கூட்டினால் 1998 சீட்டு 2098 ஆகும். வாடிக்கையாளரின் பிறந்த தேதிப் பக்கம் போகவே போகாதீர்கள். 1942-இல் பிறந்த பாட்டி 2042-இல் பிறக்கப்போகிறவராகிவிடுவார்.

அப்படியே 'செட் டேட் பிரிட்டிஷ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் ஃபாக்ஸ்புரோ அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைக்கும். மே 10 அக்டோபர் 5 ஆவது அப்படித்தான்.

கே: வின் ஐசிஸில் புத்தகப் பெயருக்கு நடுவே கூரை போன்ற ஒரு குறியும் அதன் பக்கத்தில் ஏ, பி என்றும் தெரிகின்றன. மாணவர்கள் சிரிக்கிறார்கள்.
– கல்லூரி நூலகர், கும்பகோணம்

ப: மாணவர்கள் நூலகத்துக்கு வருகிறார்களே, அதற்குச் சந்தோஷப்படுங்கள். அந்தக் கூரை, ஒரு புலத்துக்குள் இருக்கும் உட்புலங்களைப் பிரிக்கும் வேலி. யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த அந்த மென்பொருளில் எதை எப்படிக் காட்டுவது என்பதை ஒரு வடிவமைப்புக் கோப்புதான் சொல்கிறது. அதன் தொடக்கத்தில் 'எம்பிஎல்' என்று மூன்று எழுத்து இருக்கும். நடு எழுத்து பி என்றால் உள்ளதை உள்ளபடியே, வேலியோடு காட்டு என்று பொருள். அதை 'எச்' ஆக்குங்கள், வேலி மறைந்து காற்புள்ளி, அரைப்புள்ளியாகிவிடும். மூன்றாவது எழுத்து 'யு' என்றிருந்தால் ஆங்கிலத் தலைப்பெல்லாம் பெரிய எழுத்தில் கத்தும், 'எல்' போட்டால் அடங்கும். பதிவுகளில் கை வைத்துக் கூரைகளை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு நூலக மென்பொருளுக்கு ஐஎஸ்ஓ 2709 வடிவில் ஏற்றுமதி செய்யும்போது அந்த வேலிதான் உதவும்.

கே: ஆக்சஸில் ஒரு பெட்டியில் 'நேம்?' என்கிறது, இன்னொன்றில் ஹேஷ் ஹேஷாக வருகிறது. எதற்கு எது மருந்து?
– மருந்துக் கடைக்காரர், சேலம்

ப: ஹேஷ் வரிசைக்கு மருந்து வேண்டாம், பத்தியின் ஓரத்தைப் பிடித்து அகலமாக்குங்கள். 'நேம்?' என்றால் டேபிளில் யாரோ ஒரு புலத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள், படிவம் இன்னும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உங்களிடம் ஆக்சஸ் 97 கோப்பு இருந்தால் ஒரு எச்சரிக்கை: 2013-ம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைத் திறக்காது. 2010 வைத்திருக்கும் நண்பரைப் பிடித்து இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: அப்பா டாஸ் புரோகிராமை விடமாட்டேன் என்கிறார். நான் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கிவிட்டேன். அதில் ஓடவே மாட்டேன் என்கிறது. அப்பாவை எப்படி மாற்றுவது?
– ஹார்டுவேர் கடை வாரிசு, கரூர்

ப: அப்பாவை மாற்றும் வசதி எந்தப் பதிப்பிலும் வரவில்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 ஓட்டும், ஆனால் ஆல்ட்-என்டர் தட்டினால் முழுத் திரை வராது. சின்ன ஜன்னலில் எறும்பு எழுத்தாகவே தெரியும், எழுத்தளவைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

லேப்டாப்பில் 'விடாஸ்' போட்டுப் பாருங்கள். டாஸ் காலத்து வியாபாரப் புரோகிராம்களை நினைத்துச் செய்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம், விண்டோஸ் பிரிண்டருக்கும் அனுப்பலாம். 'டாஸ்பாக்ஸ்' விளையாட்டுகளுக்காகச் செய்தது, ஒற்றை ஆளுக்குச் சரி. இரண்டு மேஜையிலிருந்து ஒரே கோப்பில் பில் போடுவீர்கள் என்றால், எதுவானாலும் ஒரு நாள் நகலில் ஓட்டி, இருவரும் ஒரே சரக்கை ஒரே நேரத்தில் விற்றுப் பாருங்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காக்க வைக்கிறதா என்பதுதான் பரீட்சை.

அப்பா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எலியைத் தொடாமல் நம்பர் பேடிலேயே அவர் பில்லை முடிக்கும் வேகத்தில் உங்கள் புது மென்பொருள் மெனுவைக்கூடத் திறந்திருக்காது. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்புரோவை 1992-இல் வாங்கி, 2007-இல் இனிப் புதுப் பதிப்பு இல்லை என்று அறிவித்து, 2015 ஜனவரியில் கடைசி ஆதரவையும் நிறுத்திவிட்டது. புது வழிக்கு மாறும் நாளை அப்பாவையே குறிக்கச் சொல்லுங்கள். அதற்குள் சரக்குப் பட்டியலை மட்டுமாவது வெளியே எடுத்துவிடுங்கள்.

கே: எதைக் கேட்டாலும் 'நகல் எடு, நகல் எடு' என்கிறீர்களே. டிபிஎஃப் கோப்பை மட்டும் எடுத்தால் போதாதா?
– பலர்

ப: போதாது. டிபிஎஃப் கூடவே அதே பெயரில் எஃப்பிடி என்று ஒரு கோப்பு இருந்தால் அதுதான் குறிப்புகள் இருக்கும் மெமோ. அதை விட்டுவிட்டு வந்தால் டேபிள் திறக்கவே மறுக்கும். டிபேஸில் அதற்கு டிபிடி என்று பெயர். சிடிஎக்ஸ் இண்டெக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மேஜையிலும் புரோகிராமை மூடிய பிறகு, ஃபோல்டரை முழுசாக, வேறொரு வட்டுக்கு.

அடுத்த முறை எழுதுகிறவர்கள் மென்பொருளின் பதிப்பு எண்ணையும், திரையைச் செல்போனில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்புங்கள். போன தடவை மூன்று பேர் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகையோடு கோப்பையே அனுப்பியிருந்தார்கள். மூன்றையும் திறக்காமல் அழித்துவிட்டேன். 'பேக்' கொடுத்து.